மிச்சம் பன்னிரண்டு மாத்திரை

இறுதிப் போட்டிக்கு மைக் என் கையில்தான் என்று தானியேல் அண்ணன் சொன்னது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது எனக்குத் தொண்டைக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

எச்சில் விழுங்கினால் உயிர் போனது. உடம்பு அனலாய்க் கொதித்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் அழுதேன். வலியால் இல்லை, கோபத்தால். வருஷம் முழுக்க ஓயாமல் பேசுகிற வாய் இது. சும்மா இருக்கும்போதெல்லாம் நன்றாக இருந்துவிட்டு, ஊரே கேட்கப் போகிற வாரத்தில் படுத்துக்கொண்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

நான் ஷைனி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி வார்க்கிற கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை. தங்குவது கம்பெனி பஸ்ஸில் கால்மணி நேரத் தூரத்தில் இருக்கும் லைன் வீட்டில். வரிசையாகப் பத்து அறை, பத்துக்கும் சேர்த்து ஒரு குழாய், இருபத்திரண்டு பெண்கள். என் அறையில் என்னோடு இருப்பவள் செண்பகம். பகலில் பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி ஒட்டுவாள், சாயங்காலம் கபடி ஆடுவாள். ஆடுவாள் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதற்குக் கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். அவள் நடுக்கோட்டைத் தாண்டிக் காலை வைத்தால் எதிரே நிற்கிற ஏழு பேரும் இரண்டு அடி பின்வாங்குவார்கள்.

பொங்கல் கபடிப் போட்டியில் பெண்களுக்கும் ஆட்டம் வைக்க ஆரம்பித்து இது மூன்றாவது வருஷம். எங்கள் லைன் பெண்கள் ‘ஏ ஷிப்ட்’ என்ற பெயரில் இறங்கினார்கள். முதல் வருஷம் முதல் ஆட்டத்திலேயே மூட்டையைக் கட்டினோம். போன வருஷம் காலிறுதி. இந்த வருஷம் இறுதிப் போட்டி! எதிரணி ஆரணி. எல்லாரும் நெல் விவசாயம் பார்க்கிற குடும்பத்துப் பெண்கள். பிடி என்றால் பிடி, கணுக்காலைப் பற்றினால் விடவே மாட்டார்கள்.

வர்ணனை எப்போதும் தானியேல் அண்ணன்தான் செய்வார். போட்டியை நடத்துவதும் அவரே. தங்கமான மனிதர், ஆனால் மைக்கைப் பிடித்தால் மரண அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும். அரையிறுதியில் செண்பகம் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வருகிறாள், இவர் “மூன்று புள்ளிகள்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கிவிட்டேன். அதற்கப்புறம் நான் கத்திய கத்தலுக்கு எதிரணி ஆட்களே விசிலடித்தார்கள். அப்படிக் கிடைத்ததுதான் இறுதிப் போட்டி மைக்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சந்திரகலா என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். தாடைக்குக் கீழே அழுத்தினார். நான் அலறினேன்.

“இருமல் இருக்கா? மூக்கு ஒழுகுதா?”

“இல்ல மேடம்.”

“தொண்டைல வெள்ளை வெள்ளையா சீழ் புடிச்சிருக்கு. சளி இருமலோட வர்ற தொண்டை வலின்னா மாத்திரையே வேணாம், நாலு நாள்ல தானா போய்டும். இது அது இல்ல. இது கிருமி. இதுக்கு ஆன்டிபயாடிக் வேணும்.” எழுதிக்கொண்டே கேட்டார். “இதுக்கு முன்னாடி எந்த மாத்திரையாவது ஊசியாவது உனக்கு ஒத்துக்காம போயிருக்கா? உடம்பு தடிச்சிருக்கா?”

“எனக்கு எல்லாமே ஒத்துக்கும் மேடம்.”

“இருபது கேப்சூல். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, பத்து நாளைக்கு. ரெண்டு நாள்லயே சரியான மாதிரி இருக்கும், நிறுத்திடாதே. நிறுத்தினா திரும்ப வரும். விட்டுட்டா சில பேருக்கு இதயம் வரைக்கும் போகும். அப்புறம், இத யாருக்கும் தூக்கிக் குடுக்காதே.”

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி. அங்கேயே ஒன்றை விழுங்கிவிட்டு, ராத்திரி இன்னொன்று போட்டேன்.

வியாழக்கிழமை காலை எழுந்து எச்சில் விழுங்கிப் பார்த்தேன். வலி இல்லை! இன்னொரு தடவை விழுங்கினேன். இல்லவே இல்லை! கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கைப்பிடிக் கம்பியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, டிரைவர் லோகு அண்ணன் லாரியை ஓவர்டேக் எடுத்ததைக் கபடி மாதிரி வர்ணித்தேன். பஸ்ஸே அதிர்ந்தது. லோகு அண்ணன் ஹாரன் அடித்து மெச்சினார். அந்தச் சிவப்பு மஞ்சள் கேப்சூலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரியோடு எட்டு போட்டிருந்தேன். சனிக்கிழமை நிறுத்திவிட்டேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கும்போது எதற்கு மாத்திரை? எங்கள் லைனில் அதுதான் வழக்கம். சரியானதும் மிச்சத்தை நான்காம் நம்பர் அறை ஜன்னலில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்து யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்வார்கள். ஷிப்டை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க யாருக்கு நேரம்? பெயரெல்லாம் யாருக்கும் தெரியாது, நிறம்தான் அடையாளம். வெள்ளைப் பெரிசு காய்ச்சலுக்கு. மஞ்சள் சின்னது சளிக்கு. ரோஸ் நிறம் வயிற்று வலிக்கு. தொண்டைக்குச் சிவப்பு மஞ்சள்.

ஆனால் என் பன்னிரண்டும் டப்பாவுக்குப் போய்ச் சேரவே இல்லை. சனிக்கிழமை லைன் முழுக்க இருமல். ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிந்தார்கள். நான் இரண்டே நாளில் எழுந்து கத்தியதைப் பார்த்தவர்கள் ஆயிற்றே, என் அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அணித் தலைவி திலகவதி அக்கா வந்தார். மூலையில் நின்று பிடிக்கிற ஏஞ்சல் வந்தாள். ஆட்டத்தில் அவளுக்கு அடுத்து நிற்கிற பூமிகா வந்தாள். செய்தி கேள்விப்பட்டு லோகு அண்ணனும், கம்பெனி வாட்ச்மேன் கோபால் அண்ணனும் கேட் வரைக்கும் வந்து நின்றார்கள். சர்ச்சில் பாஸ்டர் அப்பம் கொடுக்கிற மாதிரி, அட்டையைக் கத்தரித்து ஆளுக்கு இரண்டு கொடுத்தேன். எனக்கு என்ன பெருமை தெரியுமா! ஏ ஷிப்டைக் காப்பாற்றுகிற டாக்டர் நான்தான் என்று நினைப்பு.

கடைசியாகச் செண்பகம். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்து, லொக் லொக்கென்று இருமிக்கொண்டு வந்தாள்.

“ஏய் ஷைனி, நாளைக்கு நான் எப்டி பாடிக்கினு போவேன்? தொண்ட கரகரன்னு கீது. பாதில பாட்டு நின்னுச்சுன்னா அவுட்டு குடுத்துடுவாங்கடி.”

அவள் பயம் நியாயமானது. எங்கள் பக்கத்தில் ரெய்டு போவதைப் பாடிப் போவது என்போம். ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்ல வேண்டும், நடுவருக்குக் கேட்க வேண்டும், மூச்சை விட்டுவிட்டால் அவுட். காலுக்கு அடுத்தபடியாக ரெய்டருக்குத் தொண்டைதான் சொத்து.

“நான் கீறேன் இல்ல, இன்னாத்துக்கு பேஜாராவற? இந்தா, இப்ப ஒண்ணு, நாளைக்கு மேட்ச்சுக்கு முன்னாடி ஒண்ணு. காலைல குயிலு மாதிரி பாடுவ பாரு.”

விழுங்கினாள். டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கையைச் சொறிந்துகொண்டே எழுந்தாள். “ராத்திரி பூரா ஒடம்பு அரிச்சிக்கினே இருந்துச்சுடி.”

“கொசுதான். சிப்காட் கொசு ஷிப்ட் போட்டு கடிக்கும், தெரியாதா ஒனக்கு?” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

ஏரிக்கரை மைதானத்தில் மூன்று மணிக்கே நிற்க இடமில்லை. கம்பெனி கம்பெனியாக ஆட்கள். ஆரணியிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். டிராக்டர் டிரெய்லர்தான் மேடை. செண்பகத்தின் அம்மா ஈஸ்வரி அக்கா வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி, பெண் ஆடுவதை முதல்முதலாகப் பார்க்க வந்திருந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார். ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது செண்பகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அழைத்துப் போனேன். என் கையாலேயே இரண்டாவது கேப்சூலை அவள் வாயில் போட்டு, பாட்டிலைச் சாய்த்தேன்.

நான்கு மணிக்கு விசில்!

அடேயப்பா, என்ன ஆட்டம்! ஆரணிக்காரிகள் வந்ததும் வராததுமாகத் திலகவதி அக்காவைத் தூக்கிவிட்டார்கள். நான் மைக்கில் வாயை வைத்தேன். “அய்யய்யோ, தலைவியவே தூக்கிட்டாங்கப்பா! ஏ ஷிப்ட், தூங்கினு கீறீங்களா? சங்கு ஊதிட்டாங்க, வேலைய பாருங்க!” மைதானம் கொல்லென்று சிரித்தது. அடுத்த நிமிடமே ஏஞ்சல் ஆரணி ரெய்டரின் காலைக் கவ்வினாள். அதற்கு அடுத்தது செண்பகம். கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போனாள், இடது பக்கம் போவது போலப் போக்குக் காட்டி வலது பக்கம் காலை நீட்டினாள், தொட்டாள், துள்ளினாள், வந்துவிட்டாள். “தொ பாரு, தொ பாரு, வர்றது தெரிஞ்சிச்சா, போனது தெரிஞ்சிச்சா!” என்று நான் கத்த, ஈஸ்வரி அக்கா முந்தானையை விட்டுவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

இடைவேளைக்கு ஆரணி மூன்று புள்ளி முன்னால் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தோம். இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இருபத்து நான்கு. சமம்! ஏழு நிமிடம் மிச்சம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்தடுத்து இரண்டு ரெய்டு எங்களுக்குப் புள்ளி இல்லாமல் போய்விட்டது. மூன்றாவதில் தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் போகிறவள் அவுட். போகிறவள் செண்பகம்.

“கபடி கபடி கபடி கபடி...”

உள்ளே போனாள். நான் மைக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். மூலையில் இருந்தவளை விரலால் தொட்டாள். பாய்ந்து வந்தவளின் தோளைத் தட்டினாள். “ரெண்டு! ரெண்டு பேரு! வா, வா, வந்துடு!” இரண்டு பேர் இடுப்பைப் பிடிக்க, இழுத்துக்கொண்டே வந்து கோட்டில் கையை வைத்தாள். இருபத்தாறு! மைதானம் எழுந்து நின்று கூத்தாடியது.

நான் கத்தவில்லை. அவள் பாடியதில் ஏதோ சரியில்லை என்று என் காதுக்குப் பட்டிருந்தது. நான்கு வருஷமாகக் கேட்கிற குரல் அது. கடைசியில் வந்தது ‘கபடி’ இல்லை. சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

கோட்டைத் தாண்டி எழுந்து நின்றவள், கழுத்தில் கை வைத்தாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்படியே மண்ணில் சரிந்தாள்.

ஆட்டம் நின்றது. கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. கரையோரம் நின்றிருந்த ஆம்புலன்ஸிலிருந்து பார்த்திபன் பையோடு ஓடி வந்தார். மைதானத்தில் மருத்துவ உதவிக்கு இருந்தது அவர் ஒருவர்தான். டிரெய்லர் மேல் நின்றதால் எனக்குத் தலைகளுக்கு மேலே தெரிந்தது. செண்பகத்தின் உதடு வீங்கி வேறு யாருடையதோ போல இருந்தது. கண் இரண்டும் இடுங்கிக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் மண் ஒட்டியிருந்ததில் தடிப்பு யாருக்கும் தெரியவில்லை. மூச்சை இழுக்கிற சத்தம் மேடை வரை கேட்டது.

“ஆஸ்துமா கீதா இவங்களுக்கு? எதனா பூச்சி கடிச்சிச்சா? இன்னா சாப்ட்டாங்க?” பார்த்திபன் கேட்பதை ஆளுக்கு ஆள் வாங்கித் திருப்பிச் சொன்னார்கள்.

“ஒண்ணுமே சாப்டல சார், காலைல நாஷ்டா கூட துண்ணல,” என்றார் திலகவதி அக்கா.

“அதான் மயக்கம். சோடா குடுங்கப்பா,” என்றது ஒரு குரல்.

“வெயிலு. தள்ளுங்க, காத்து வரட்டும்,” என்றது இன்னொன்று.

ஒண்ணுமே சாப்பிடவில்லை. மாத்திரையை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தியால் பேச முடியவில்லை. இன்னொருத்தி கையில் மைக் இருந்தது.

உடம்பு தடிச்சிருக்கா என்று டாக்டர் கேட்டது சம்மட்டியால் அடித்த மாதிரி நினைவுக்கு வந்தது. ராத்திரி பூரா அரிச்சுது என்று இவள் சொன்னதும் கூடவே வந்தது. கொசு என்று சிரித்தேனே, பாவி!

இறங்கி ஓடத்தான் முதலில் பார்த்தேன். டிரெய்லரைச் சுற்றி ஆயிரம் பேர் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் புகுந்து போய்ச் சேர ஐந்து நிமிடமாகும். அவளிடம் ஐந்து நிமிடம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. முதல் வரிசையில் ஈஸ்வரி அக்கா மார்பில் அடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தால் முதலில் கேட்கப்போவது அவருக்குத்தான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குப் பயமாக இருந்தது. போலீஸ், கம்பெனி, அந்த அம்மாவின் முகம் எல்லாம் கண்முன்னால் வந்து போனது. ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

“பார்த்திபன் சார்!” நான்கு ஸ்பீக்கரும் அலறின. “ஆம்புலன்ஸ் பார்த்திபன் சார்! செண்பகம் மாத்திர சாப்ட்டுக்கீறா! மூணரைக்கு ஒண்ணு, நேத்து ஒண்ணு! நான்தான் குடுத்தேன்! எனக்கு தொண்டைக்கி டாக்டரம்மா குடுத்தத நான் அவளுக்கு குடுத்தேன்! ராத்திரியே அரிக்குதுன்னு சொன்னா சார், நான்தான் கேக்கல!”

மைதானம் சட்டென்று அடங்கியது. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. பார்த்திபன் எழுந்து நின்று கையை வாயில் குவித்துக் கத்தினார். “இன்னா மாத்திர?”

“சேப்பு மஞ்சா கேப்சூலு!”

“பேரு? பேரு சொல்லு!”

பெயர்! என் கைப்பையைக் கவிழ்த்தேன். சீப்பு, பவுடர், ஐடி கார்டு எல்லாம் டிரெய்லரில் சிதறின. அடியில் கத்தரித்த அட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தேன். “அமாக்... அமாக்ஸி வரைக்கும்தான் சார் கீது! மீதிய நான் வெட்டிட்டேன்!”

“அமாக்சிசிலினா! பென்சிலின் வகையாச்சே!” என்றார் அவர்.

அப்போதுதான் ஈஸ்வரி அக்கா வீறிட்டார். “ஐயோ, சார்! மூணு வயசுல ஒரு ஊசி போட்டப்போ இப்டித்தான் ஒடம்பெல்லாம் தடிச்சி மூஞ்சி வீங்கிச்சி! பென்சிலின்னு சொன்னாங்க சார்! அவளுக்கே தெரியாது, நானே மறந்துட்டேன்!”

பார்த்திபன் மறுபடி மண்டியிட்டார். சோடாவை நீட்டியவனைத் தள்ளிவிட்டார். பையிலிருந்து ஊசியை எடுத்தார். செண்பகத்தின் தொடையில், டவுசருக்கு மேலேயே, ஒரே குத்து. காலைத் தூக்கிவைக்கச் சொல்லி ஏஞ்சலிடம் கத்தினார். ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார். ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இறுதிப் போட்டியில் அவ்வளவு அமைதியாக நான் இருந்தது அப்போதுதான்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இழுப்புச் சத்தம் கொஞ்சம் தணிந்தது. செண்பகத்தின் கை எழுந்து, முகமூடியைத் தொட்டுப் பார்த்தது. பார்த்திபன் மேடையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மைதானம் போட்ட கூச்சலில் ஏரிக்கரைக் கொக்கெல்லாம் கிளம்பிப் பறந்தன. நான் ஓவென்று அழுதேன், மைக்கிலேயே. அழுதுகொண்டிருக்கும்போதே இன்னொன்று உறைத்தது. மற்ற ஐந்து பேர்!

“இன்னும் அஞ்சி பேருக்கு குடுத்துக்கீறேன்! திலகவதி அக்கா, ஏஞ்சலு, பூமிகா! மிச்சம் கீறத முழுங்காதீங்க! வாட்ச்மேன் கோபால் அண்ணா, நீங்களும்தான்! லோகு அண்ணா, நீங்க எங்க கீறீங்களோ தெரில, பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டு கைய காலப் பாருங்க, தடிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்கி ஓடுங்க!”

கூட்டத்தின் நடுவிலிருந்து லோகு அண்ணன் கையைத் தூக்கினார். “ஒண்ணும் ஆவலம்மா, நல்லாத்தான் கீறேன்!” கையில் அந்த இரண்டு கேப்சூலும் அப்படியே இருந்தன. மனிதர் மறந்துவிட்டாராம். அவர் மறதிக்குக் கோயில் கட்டலாம்.

மைக்கைத் தானியேல் அண்ணன் கையில் திணித்துவிட்டுக் குதித்தேன். இந்த முறை கூட்டம் தானாகவே வழிவிட்டது. ஆம்புலன்ஸில் ஈஸ்வரி அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இறங்கும்போது மட்டும், “நீ கத்துலன்னா அந்த ஊசி வெசயம் எனக்கு நாபகமே வந்துருக்காது,” என்றார். நன்றியா, திட்டா, தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அன்றைக்கு ட்யூட்டியில் இருந்ததும் டாக்டர் சந்திரகலாதான். செண்பகத்தை நன்றாகப் பார்த்து, மருந்து ஏற்றி, நாளை வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று சொன்ன பிறகு என் பக்கம் திரும்பினார். வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

“இவளுக்கு இருமல் இருந்துச்சா?”

“இருந்துச்சு மேடம். மூக்கும் ஒழுகுச்சி.”

“வெறும் சளி. வெந்நீர் குடிச்சிட்டு சும்மா இருந்திருந்தா போதும். தேவையே இல்லாத மாத்திரை. அதுக்கு இவ உயிரு போக இருந்துச்சு.” அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். “நீ எத்தனை சாப்ட்ட?”

“எட்டு.”

“தேவைப்பட்ட நீ பாதில நிறுத்திட்ட. தேவைப்படாதவளுக்கு குடுத்திருக்க.” என் வாயைத் திறக்கச் சொல்லி மறுபடி டார்ச் அடித்தார். புதுச் சீட்டு எழுதினார். செண்பகத்தின் கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் ‘பென்சிலின் ஒத்துக்காது’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டார். வாழ்நாள் முழுக்க எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று ஈஸ்வரி அக்காவை மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார்.

ஆறரை மணிக்குச் செண்பகம் முகமூடியை விலக்கினாள். வீக்கம் முக்கால்வாசி வடிந்திருந்தது. அவள் கேட்ட முதல் கேள்வி, “மேட்ச்சு இன்னாச்சு?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதே நேரத்தில் என் போன் அடித்தது. ஏஞ்சல். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா, செண்பகம் அக்கா எப்டி கீது? பேசுதா? நல்லா கீதுன்னு பார்த்திபன் சாரு போன் பண்ணி சொன்னப்புறந்தான்க்கா ஆட்டத்த திருப்பி ஆரமிச்சாங்க. கடைசி ரெய்டு வரைக்கும் போச்சுக்கா! சமமா கீது, பத்து செகண்டு கீது, நான் பாடிக்கினு போனேன், கால புடிச்சிட்டாளுங்கக்கா! ஒரே புள்ளி! ஒரே ஒரு புள்ளில போச்சு!” அதற்குமேல் அவள் அழுகை மட்டும் கேட்டது.

செண்பகம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். உயிர் பிழைத்ததற்கு அழாதவள், இப்போது இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிய அழுதாள். நான் போனை அணைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன். வருஷம் முழுக்கப் பேசுகிற வாயில் ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை.

அவளாகவே என் பக்கம் திரும்பினாள். குரல் கரகரவென்று, பாதி காற்றாக வந்தது.

“கீழ வுயுந்தப்போ கண்ணு தெரிலடி. நெஞ்சு அடைச்சிக்கிச்சி. அவ்ளோதான்னு நெனச்சேன். ‘நான்தான் குடுத்தேன்’னு உன் கொரலு மட்டும் கேட்டுச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நாம தோத்ததுக்கு நீதான் காரணம்,” என்றாள். “நான் சாவாததுக்கும் நீதான் காரணம். ஒன்ன ஒதைக்கணும்னு கீது. எந்திரிச்சதும் ஒதைக்கிறேன். இப்ப ரவ கிட்ட வந்து குந்து.”

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்தாள். கணுக்காலைப் பற்றிய ஆரணிக்காரி மாதிரி, நர்ஸ் வந்து சொல்லும்வரை அதை விடவே இல்லை.